மரத்திடம் சொன்னது

தெய்வசிகாமணிக்கும் அவன் அண்ணன் சிங்காரவேலுக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. பேச்சு நின்ற வீடுகள் அவர்கள் ஊரான வடக்குத்தில் நிறைய உண்டு. மற்றவர்கள் ஏதாவது ஒரு கல்யாணத்திலோ சாவிலோ வெட்கத்தை விட்டுப் பேசித் தொலைத்துவிடுவார்கள். இவர்கள் இருவரும் பேசாமலிருப்பதை ஒரு உத்தியோகம் போலப் பார்த்தார்கள். அதில் லீவு கிடையாது, ஓவர்டைம் உண்டு.

நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போனபோது அந்த வீட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. அப்பா பெரியவன் பெயரைக் கொடுத்தார். சிங்காரவேல் பர்மனென்ட் ஆனான். காக்கி உடுப்பு வந்தது, பூட்ஸ் வந்தது, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வந்தது. சின்னவன் அதே மைன்ஸில் கான்ட்ராக்டில் மண் வாரினான். அண்ணன் பெல்ட் ஓட்ட, அதிலிருந்து சிந்துகிற கரியைத் தம்பி கூட்டினான். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டுதான் இருந்தான். அப்பாவின் கருமாதிப் பந்தியில், நிலத்துப் பேச்சு வந்த இடத்தில், என் சம்பளத்தில் தின்கிற வாய் எனக்கே நியாயம் சொல்கிறதா என்று சிங்காரவேல் எல்லோர் காதிலும் விழக் கேட்டுவிட்டான். தெய்வசிகாமணி இலையிலிருந்து எச்சில் கையோடு எழுந்தான்.

"இனிமே இவன்கிட்ட நானா மொதல்ல வாயத் தெறந்தன்னா, நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்ல" என்றான்.

பெரியவன் அதை அந்த மட்டில் விட்டிருக்கலாம். விடவில்லை. அவனும் அதே வார்த்தையை, அதே அப்பன்மேல் சத்தியமாகத் திருப்பிச் சொன்னான். மனுஷன் செத்துப் பதினாறு நாள் ஆவதற்குள் அவருடைய பிள்ளைகள் இருவரும் அவரைப் பணயமாக வைத்துவிட்டார்கள். யார் முதலில் வாய் திறப்பான் என்று பஸ் ஸ்டாப் டீக்கடையில் பந்தயம்கூட நடந்தது. ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான். போகப்போக ஊரே அதைக் கவனிக்க ஆரம்பித்தது, கவனிக்க ஆரம்பித்ததும் இரண்டு பேருக்கும் பின்வாங்க வழியில்லாமல் போயிற்று.

பேசவில்லை என்றால் சத்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜாடை இருந்ததே. சிங்காரவேல் ஊருக்கு வந்தால், கான்ட்ராக்ட் நாய்க்கெல்லாம் திமிரைப் பார் என்று கிணற்றைப் பார்த்துச் சொல்வான். தெய்வசிகாமணி தன் ஆட்டைக் கட்டிக்கொண்டே, கூடப்பிறந்தவன் பங்கைத் தின்றவன் உருப்பட மாட்டான் என்று ஆட்டுக்கு எடுத்துச் சொல்வான். ஜாடைக்குப் பதில் சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பிப் பார்த்தால் பேச்சை வாங்கிக்கொண்டதாக ஆகும், வாங்கிக்கொண்டவன் தோற்றவன். அவசியமான சேதிகளை மட்டும் அவர்கள் பெண்சாதிகள் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். பெரியவன் வீட்டுப் பட்டம்மாளும் சின்னவன் வீட்டுத் தனபாக்கியமும் தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொண்டார்கள். புருஷன்மார்களைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

பாகம் பிரித்தபோது எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. அண்டா குண்டா, பலா மரம், வைக்கோல் போர், ஒன்றும் பாக்கியில்லை. துப்பாக்கியை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது அவர்கள் பாட்டன் ஒரு பாண்டிச்சேரி வெள்ளைக்காரனிடம் வாங்கியது. ஊரில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் கேப்பு வைத்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. இது அதற்கும் முந்தியது, சக்கிமுக்கிக் கல்லில் பொறி பறந்து தீப்பிடிக்கிற ரகம். குழலுக்குள்ளே சுற்றிச்சுற்றி வரிவரியாகப் பள்ளம் ஓடும். அதனால் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகும். கொக்கு சுட அது லாயக்கில்லை, குறி பார்த்துச் சுட அதற்கு மிஞ்சியது இல்லை. நாட்டாண்மை வேணு யோசித்துப் பார்த்து, துப்பாக்கியும் மருந்தைக் கெட்டிக்கிற கோலும் சின்னவனுக்கு, வெடிமருந்துக் கொம்பு, துளை குத்துகிற ஊசி, குண்டை வெளியே இழுக்கிற திருகு எல்லாம் போட்ட தகர டப்பா பெரியவனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தன் சுட முடியாது, அப்படியாவது ஒன்று சேரட்டும் என்பது அவர் கணக்கு. நல்ல மனுஷர்தான், ஆனால் இந்த வீட்டு ஆட்களைத் தெரியாத மனுஷர்.

காணும் பொங்கல் அன்று மத்தியானம் அய்யனார் கோயில் முந்திரித் தோப்பில் குறி சுடுவது அந்த ஊர் வழக்கம். தோப்பின் மறுகோடியில், மண் மேட்டுக்கு முன்னால், ஒரு கிளையில் உரித்த தேங்காயைக் கட்டித் தொங்கவிடுவார்கள். உடைக்கிறவனுக்கு அய்யனார் பரிவட்டம், முதல் தாம்பூலம், ஒரு வருஷத்துக்கு ஊரில் மரியாதை. ஒரு துப்பாக்கிக்கு அந்த வீட்டு ஆண்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் சுடலாம், ஆளுக்கு ஒரு தடவைதான். தீப்பிடிக்காமல் போனாலும் அது ஒரு தடவைதான். இதில் ஒரே ஒரு கட்டாயம் உண்டு. துப்பாக்கியை அடுத்தவன் கையில் கொடுக்கும்போது, அவன் முகத்தைப் பார்த்து, 'காலி' என்றோ 'உள்ளே இருக்கு' என்றோ வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குழலுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்பா காலத்தில் கோலில் ஒரு வெட்டுக்குறி இருந்தது. கோலைக் குழலுக்குள் விட்டால் குறி வாயோடு வாயாக நின்றால் காலி, மேலே தூக்கி நின்றால் உள்ளே இருக்கிறது. அந்தக் கோல் போன மழையில் உளுத்து உடைந்துபோக, தெய்வசிகாமணி மூங்கிலில் புதிதாக ஒன்று சீவியிருந்தான். குறி வெட்ட வேண்டும் என்று நினைத்தான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

எழுபத்தெட்டாம் வருஷத்துக் காணும் பொங்கலன்று சிங்காரவேலுக்குக் காலை ஷிஃப்ட். வழக்கம்போல வரமாட்டான் என்று தெய்வசிகாமணி தைரியமாக இருந்தான். மருந்தைப் பண்ருட்டியில் வாங்கியிருந்தான். ஈயத்தை உருக்கி உருண்டை குண்டாக வார்த்திருந்தான். சக்கிமுக்கிக் கல்லைத் தோல் துண்டில் சுற்றி, விசையை இழுத்தால் அடிக்கிற குதிரையின் வாயில் கடிக்க வைத்து, திருகி முறுக்கி, வெறும் துப்பாக்கியை இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். பொறி நன்றாக விழுந்தது. குழலைக் காய்ந்த துணியால் துடைத்தான். மூங்கில் குப்பியில் மருந்தை அளந்து வாய் வழியாகக் கொட்டி, குழலைப் பக்கவாட்டில் தட்டினான். எண்ணெயில் நனைத்த துணித் துண்டை வாயில் விரித்து, மேலே குண்டை வைத்து அழுத்தி, கோலால் ஒரே சீராகக் கீழே தள்ளி, மருந்தின்மேல் குண்டு போய் உட்கார்ந்துவிட்டது என்று கைக்குத் தெரிகிறவரை அமுக்கினான். எல்லாம் அப்பா செய்கிறபடிதான். பக்கத்துத் துளையைக் குத்திச் சுத்தம் செய்ய ஊசி மட்டும் இல்லை. அது டப்பாவில், டப்பா அண்ணனிடம். அதனால் ஒரு கருவேல முள்ளை ஒடித்துக் குத்தினான். முள் நுனி துளைக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

ஊரே பார்த்துக்கொண்டிருக்க விசையை இழுத்தான். குதிரை விழுந்தது, பொறி பறந்தது, துளைக்கு வெளியே இருந்த சின்னத் தொட்டியில் தூவியிருந்த மருந்து புஸ்ஸென்று எரிந்து அவன் மீசையைக் கருக்கியது. அவ்வளவுதான். உள்ளே தீப்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் குழலைக் குறியை விட்டு நகர்த்தாமல் நின்று பார்த்தான். ஒன்றும் இல்லை. தோப்பு முழுக்கச் சிரித்தது. தேங்காய் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணி துப்பாக்கியையும் கோலையும் எடுத்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போனான். உள்ளே இருப்பதை இறக்கி எடுத்துவிட்டு வருகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எதை வைத்து இறக்குவது? குண்டை இழுக்கிற திருகும் அந்த டப்பாவில்தான் இருந்தது. அவன் ஒரு பீடி குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். இறக்கிட்டியா என்று வேணு கேட்டபோது தலையை ஆட்டினான். இல்லை என்று சொன்னால், திருகு இல்லை என்று சொல்ல வேண்டும், அண்ணனிடம் ஆள் விட வேண்டும், ஊர் இன்னொரு தடவை சிரிக்கும். சின்னப் பொய்தான். சாயங்காலம் தனபாக்கியத்தை விட்டுத் திருகை வாங்கிவரச் சொல்லி, வீட்டில் வைத்து இறக்கிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? துப்பாக்கியை ஒரு முந்திரி மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஓரமாக நின்றான்.

மைன்ஸ் சங்கு ஊதி வெகுநேரம் ஆகவில்லை. சிங்காரவேல் சைக்கிளில் வந்து இறங்கினான். காக்கி உடுப்பைக்கூட மாற்றவில்லை, பூட்ஸில் கரித்தூள் அப்பியிருந்தது. கேரியரில் தகர டப்பா. தம்பியின் துப்பாக்கி புஸ்ஸென்று போன கதையை வழியிலேயே எவனோ சொல்லியிருக்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. நேராக மரத்தடிக்குப் போய், அப்பன் துப்பாக்கி எனக்கும்தான் என்கிற மாதிரி அதைத் தூக்கினான். முறையாகவே நடந்துகொண்டான் என்று சொல்ல வேண்டும். தம்பியைக் கேட்க முடியாது என்பதால் நாட்டாண்மையைக் கேட்டான்.

"காலியா மாமா?"

"எறக்கியாச்சின்னான்பா" என்றார் வேணு.

தெய்வசிகாமணி நாலு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேர் பேசியதும் அவனுக்கு நன்றாகக் கேட்டது.

சிங்காரவேல் டப்பாவைத் திறந்தான். கோலைக் குழலுக்குள் இறக்கி, கட்டை விரலால் வெட்டுக்குறியைத் தடவித் தேடினான். புதுக் கோலில் குறி ஏது? உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கோலை உருவினான். பிறகு ஊசியை எடுத்துத் துளையைக் குத்தினான். முள் நுனி வெளியே வந்தது. அதை நகத்தில் எடுத்து எல்லோருக்கும் காட்டினான். மறுபடியும் தோப்பு சிரித்தது. தெய்வசிகாமணிக்குக் காது மடல் சுட்டது. துளை இப்போது திறந்துவிட்டது என்பதும், பழைய மருந்து அடியில் பத்திரமாக இருக்கிறது என்பதும் அவனுக்கு அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் உறைத்தது.

கொம்பிலிருந்து மருந்தை அளக்க ஆரம்பித்தான் சிங்காரவேல். தெய்வசிகாமணி பெண்கள் இருக்கிற பக்கம் பார்த்தான். அவர்கள் கோயிலுக்கு அந்தப் பக்கம் பொங்கல் பானையோடு இருந்தார்கள், ஓடிப்போய்க் கூட்டிவர நேரம் இல்லை. வேணுவிடம் சொல்லலாம். சொன்னால், முதலில் ஏன் தலையை ஆட்டினாய் என்று கேட்பார், அத்தனை பேருக்கும் முன்னால். மீதி ஒன்றுதான். அண்ணே, உள்ளே இருக்கு. இவ்வளவே. குழந்தைகூடச் சொல்லும்.

மருந்து குழலுக்குள் போனது. சிங்காரவேல் கொஞ்சம் தாராளமாகவே போட்டான், தம்பி தோற்ற இடத்தில் சத்தமாக ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை. எண்ணெய்த் துணியை விரித்தான். குண்டை வைத்தான். பாட்டன் காலத்துக் குழல், உள்ளே துரு அரித்த இடம் எது எது என்று அதைத் துடைத்துத் துடைத்துப் பழகிய தெய்வசிகாமணிக்குத் தெரியும். இரண்டு மருந்தும் இரண்டு குண்டும் தாங்காது என்பதும் தெரியும். கருமாதிப் பந்தி ஞாபகம் வந்தது. டீக்கடையில் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. அண்ணன் செத்துப்போவான் என்று அவன் நினைத்தானா என்றால், நினைத்தான். நினைத்தபோது, சொல்லக் கூசுகிறது, ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த நொடி அந்தச் சந்தோஷத்தை நினைத்தே பயந்தான்.

கோல் கீழே இறங்க இறங்க அவனால் சும்மா நிற்க முடியவில்லை. பக்கத்திலிருந்த முந்திரி மரத்தில் கையை ஊன்றி, அதன் பட்டையைப் பார்த்துச் சொன்னான்.

"உள்ள இருக்கு. எறக்கல."

மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் நாலு முழத்துக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக இல்லை. சிங்காரவேலின் கை கோலின்மேல் சற்றே நின்ற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் அமுக்கினான், குண்டு உட்கார்ந்தது, கோலை உருவிக் கீழே போட்டான். தொட்டியில் சிட்டிகை மருந்து தூவி மூடியைச் சாத்தினான்.

சொல்லியாயிற்று என்று தெய்வசிகாமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்காமல் போனால் நான் என்ன செய்ய? அப்படி நினைத்ததும் நெஞ்சில் பாரம் குறைந்த மாதிரிகூட இருந்தது. மனுஷனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ள எவ்வளவு கொஞ்சம் போதும் பாருங்கள். ஆறு வருஷமாக ஜாடையில் வசவையும் பொய்யையும் தவிர வேறு எதையும் அனுப்பாதவன், உயிர்போகிற சேதியையும் அதே வழியில் அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் அது சொன்னது என்பது ஊர்ச் சட்டம். அது அவனுக்குத் தெரியாததா?

சிங்காரவேல் குதிரையை முழுசாக இழுத்து நிறுத்தினான். இடது கையைக் குழலுக்கு அடியில் கொடுத்து, கன்னத்தைக் கட்டையில் அணைத்து, ஒரு கண்ணை மூடினான். தேங்காய் ஆடுவது நிற்கட்டும் என்று காத்திருந்தான். அவ்வளவு நேரம் இருந்தது. ஒரு வார்த்தை என்ன, ஒரு பாட்டே பாடி முடித்திருக்கலாம். தெய்வசிகாமணி மரத்துப் பட்டையை நகத்தால் பிய்த்துக்கொண்டு நின்றான்.

மைன்ஸில் வெடி வைத்துவிட்டார்கள் என்றுதான் கோயிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் நினைத்தார்களாம். புகை கலைந்தபோது குழல் பாதியில் பிளந்து கிடந்தது. தேங்காய் அப்படியே தொங்கியது. சிங்காரவேல் மண்ணில் உட்கார்ந்து தன் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்கு அப்பால் பார்க்க ஒன்றும் இல்லை. அவன் கத்தவில்லை. கத்தினது பட்டம்மாள், ஓடி வந்து பார்த்த பிறகு. வேட்டியைக் கிழித்துக் கட்டி, மண் லாரி ஒன்றை மறித்து ஏற்றினார்கள். தூக்கிய நாலு பேரில் தெய்வசிகாமணியும் ஒருத்தன். லாரியில் அண்ணன் தலை அவன் மடியில்தான் இருந்தது. அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. அண்ணனுக்கு நினைவு இருக்கிறதா என்று பார்த்தான், இல்லை என்று தெரிந்ததும் பேசுவதில் பிரயோஜனம் இல்லை என்று தோன்றிற்று.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கை முழங்கைக்குக் கீழே போயிற்று, வலது பக்கக் கன்னம் வெந்து கருத்திருந்தது. பெல்ட் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும். இனி வேலை என்ன ஆகும், குவார்ட்டர்ஸ் என்ன ஆகும் என்று பட்டம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் தெய்வசிகாமணி வந்தான். கருகிய மீசையை மழித்திருந்தான். இரவெல்லாம் தூங்காமல், சத்தியத்தை விட்டுத் தொலைத்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டுதான் வந்திருந்தான். இறக்கவில்லை, பொய்யாகத் தலையை ஆட்டினேன், நேராகச் சொல்ல மனசு வரவில்லை, என்னைச் செருப்பால் அடி. கட்டிலின் கால்மாட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே" என்றான்.

சிங்காரவேல் கண்ணைத் திறந்தான். வெந்த கன்னம் இழுத்துக்கொள்ள, உதட்டின் மறு பக்கம் மட்டும் மெல்ல விரிந்தது. தம்பியைப் பார்க்கவில்லை. தலையை மெதுவாகத் திருப்பி, பெண்சாதியைப் பார்த்துச் சொன்னான்.

"கேட்டுக்கினியா? அவந்தான் மொதல்ல வாயத் தெறந்தான்."

பட்டம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கஞ்சி வேண்டுமா என்று கேட்டாள். தெய்வசிகாமணி கம்பியை விடாமல், நேற்றே சொன்னேன் அண்ணே, உள்ளே இருக்கு என்று சொன்னேனே, உன் காதில் விழவில்லையா என்று அழுகையும் பேச்சுமாகக் கேட்டான். அதற்கும் பதில் பட்டம்மாளுக்குத்தான் போயிற்று.

"நல்லாதான் காதுல வுழுந்துச்சி. மரத்துகிட்டதான சொன்னான்? நான் திரும்பி எறக்கியிருந்தன்னா, நான் பதில் சொன்ன மாதிரி ஆயிருக்கும்ல" என்றான் சிங்காரவேல்.

சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் எடுத்து வைத்துக்கொண்டு, டீக்கடையில் மறக்காமல் சொல்லிவிடும்படி அவளிடம் சொன்னான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கிறவரை தெய்வசிகாமணி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணே, அண்ணே என்று அந்த முதுகைக் கூப்பிட்டபடியே நின்றான்.